வாசகர் கேள்வி–பதில்: படகைத் தூக்குவது நீரின் வேலை

சென்ற இதழில், பழைய படகு வாங்கும்போது எவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மெல்பர்னிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படகு வாங்குவதைப் பற்றியவை அல்ல; மீன்பிடித்துத் திரும்பிய பின் அந்தப் படகை மீண்டும் டிரெய்லரில் ஏற்றுவதைப் பற்றியவை. ராம்ப் என்று நாம் எல்லோரும் அழைக்கும் அந்தச் சிமெண்டுச் சரிவில் பட்ட துன்பங்களைப் பலரும் மனம்விட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு வேலைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 5.2 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு இருக்கிறது. டிரெய்லரில் உருளைகள் இல்லை. கம்பளம் சுற்றிய நீளமான தாங்குகட்டைகள்தாம் உள்ளன. வெர்ரிபீ சவுத் துறையில் படகை இறக்குவதில் எங்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஏற்றும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் கோணலாக அமர்கிறது. மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி, மூன்று நான்கு முறை முயன்ற பிறகே ஒழுங்காகிறது. பின்னால் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. குறை டிரெய்லரிலா, எங்களிடமா?
— வாசகர், பாயின்ட் குக்

பதில்: டிரெய்லரில் குறை இல்லை. அதை நீங்கள் தேவைக்கு மேல் நீருக்குள் இறக்கிவிடுகிறீர்கள். கடிதத்துடன் அனுப்பியிருந்த படத்தில் மட்கார்டுகள் இரண்டும் முழுவதுமாக மூழ்கியிருக்கின்றன. அது ஒன்றே போதிய சான்று.

ஆழமாக இறக்கினால் படகு எளிதாக ஏறும் என்று புதியவர்கள் நினைப்பது இயல்புதான். உண்மையில் எளிதாக ஏறவும் செய்யும். ஆனால் அப்போது படகு டிரெய்லரின் மேல் ஏறி அமரவில்லை, டிரெய்லருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. முன்மூக்காகிய அணியத்தை, பட்டையைச் சுற்றி இழுக்கும் கருவியான வின்ச்சுடன் பிணைத்துவிட்டாலும், பின்புறம் எதையும் தொடாமல் மிதப்பதால் காற்றும் அலையும் அதைத் தம் விருப்பம்போல் ஒருபக்கம் தள்ளுகின்றன. நீங்கள் காரை முன்னே நகர்த்தும் கணத்தில் அது எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ, அந்தப் பக்கமாகவே கட்டையின் மேல் இறங்கிவிடுகிறது. ஒருமுறை எடை கட்டையில் இறங்கிய பின், ஆயிரம் கிலோவை ஆள்பலத்தால் நகர்த்த முடியாது என்பதால்தான் மறுபடி இறக்க நேர்கிறது.

மிகக் குறைவாக இறக்கினால் நேர் எதிரான துன்பம் வரும். அணியம் டிரெய்லரின் பின்சட்டத்தில் மோதும், வின்ச் கனக்கும், கம்பளம் படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆழத்தைக் கண்டுபிடிப்பதுதான் படகேற்றும் கலையின் முக்கால் பங்கு. உங்களுடையதைப் போன்ற கட்டை டிரெய்லருக்கு, கட்டையின் முன்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீருக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டை முழுவதும் நனையும்வரை பின்னால் இறக்கி, பிறகு அந்த அளவு வெளியே தெரியும்வரை முன்னே இழுத்து நிறுத்துங்கள். நனைந்த கம்பளத்தில் படகு வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்த கம்பளத்தில் வராது. உருளை டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை. கடைசி உருளைகள் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்தால் போதும்.

இவ்வாறு நிறுத்தினால், அணியம் கட்டையின் உலர்ந்த முன்பகுதியை எட்டும்போது முதலில் தொட்டு நிற்கும். பின்புறம் இன்னும் சற்று மிதந்துகொண்டிருக்கும். இப்போது படகின் முன்பாதி நடுவில் பிடிபட்டுவிட்டது. பின்புறத்தைக் கயிற்றாலோ கையாலோ மெல்ல நேராக்கி, நேராக இருக்கும்போதே காரை ஆமை வேகத்தில் முன்னே நகர்த்தினால், படகு நேராகவே அமரும்.

இந்த ஆழம் எல்லாத் துறையிலும் ஒன்றாக இருக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நன்கு கட்டப்பட்ட சரிவு ஏறத்தாழ 1:8 என்ற சாய்வில் இருக்கும். அதாவது 8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறங்கும். 5 மீட்டர் நீளத் தாங்குகட்டையை அதில் வைத்தால், முன்முனைக்கும் பின்முனைக்கும் உயர வேறுபாடு 60 சென்டிமீட்டருக்கு மேல். 1:12 சாய்வுள்ள பழைய சரிவில் அதே கட்டைக்கு வேறுபாடு 40 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே சரிவு செங்குத்தாக இருக்குமளவுக்குப் பின்முனை ஆழத்தில் இருக்கும், பின்புறம் வெகுநேரம் மிதக்கும், நீங்கள் டிரெய்லரைக் குறைவாகவே இறக்க வேண்டும். தட்டையான சரிவில் காரின் பின்சக்கரம் நீரைத் தொடும் அளவுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும்.

ஒரு நாள் கூட்டமில்லாத வேளையில், வார நாளின் முற்பகலாக இருந்தால் நல்லது, வெர்ரிபீ சவுத்துக்குச் சென்று ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். படகு நேராக அமர்ந்த அந்த ஒரு முறை நீர் மட்கார்டின் எந்த இடத்தில் நின்றதோ, அங்கே வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பக்கக் கண்ணாடியில் அந்தக் கோடு தெரியும். டிரெய்லரின் பின்முனையில் இருபுறமும் நெட்டாக நிற்கும் வழிகாட்டிக் கம்பங்கள் இரண்டைப் பொருத்திக்கொண்டால் இன்னும் உதவி; டிரெய்லர் முழுவதும் நீருக்குள் மறைந்திருக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று படகில் இருப்பவருக்குக் காட்டுபவை அவைதாம்.

பக்கக் காற்று பலமாக வீசும் நாளில், டிரெய்லரின் நடுவைக் குறிவைத்து வராதீர்கள். காற்று வரும் பக்கமாகச் சற்று ஒதுங்கி வந்தால், டிரெய்லரை அடையும் நேரத்தில் காற்றே உங்களை நடுவுக்குத் தள்ளிவிட்டிருக்கும்.

கேள்வி: வின்ச் சுழற்றுவது எப்போதும் என் வேலை. கணவர் படகில் இருப்பார். கைகள் இரண்டும் நோகும் அளவுக்குக் கனக்கிறது. மின்சார வின்ச் வாங்கலாமா? மேலும், நன்றாக இறுக்கி முடித்து மேலே வந்து பார்த்தால், அணியத்துக்கும் அது முட்டி நிற்க வேண்டிய ரப்பர் உருளைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. என் பலம் போதவில்லையா?
— வாசகி, டார்னீட்

பதில்: அம்மா, உங்கள் பலத்தில் குறைவில்லை. உங்களைக் கொண்டு நீர் செய்ய வேண்டிய வேலையைச் செய்விக்கிறார்கள். 1,000 கிலோ எடையுள்ள படகை 1:8 சரிவில் நீருக்கு வெளியே இழுத்தேற்ற வேண்டுமானால், உராய்வு சிறிதும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 125 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு தேவை. கம்பளத்தின் உராய்வைச் சேர்த்தால் அது மிகவும் கூடும். அதே படகு மிதந்துகொண்டிருந்தால், அதை ஒரு சிறுவன் கயிறு பிடித்து இழுத்துவந்துவிடலாம். வின்ச் என்பது கடைசி அரை மீட்டருக்காக மட்டும் இருக்கும் கருவி. நான்காம் சுற்றிலேயே கனத்தால், சுற்றுவதை நிறுத்திவிட்டு, டிரெய்லரை இன்னும் ஒரு சாண் பின்னால் இறக்கச் சொல்லுங்கள்.

மின்சார வின்ச் தவறில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கும் தனியே செல்பவர்களுக்கும் அது நல்ல துணை. ஆனால் ஆழம் தவறாக இருக்கும்போது அது அந்தத் தவறை மறைத்துக்கொண்டு படகை இழுக்கும். உங்கள் கைக்குப் பதிலாகப் பட்டையும் அணியத்து வளையமும் அந்தப் பாரத்தைத் தாங்கும். கைவின்ச்சில் 5:1 பல்விகிதம் உள்ளது இருந்தால், கைப்பிடி ஐந்து சுற்று சுற்றும்போது பட்டை சுற்றியிருக்கும் உருளை ஒரு சுற்று சுற்றும். அதனால் வேகம் குறைந்தாலும் கனம் குறையும். உங்களுடையதில் இரண்டு அச்சுகள் இருந்தால், கைப்பிடியை மாற்றிப் பொருத்தும் வசதி ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள்.

அணியத்தில் விழும் இடைவெளி உங்கள் பிழை அன்று. டிரெய்லர் சரிவில் சாய்ந்திருக்கிறது, படகோ நீரில் கிடைமட்டமாக மிதக்கிறது. இரண்டுக்கும் கோணம் வேறு. வெளியே இழுத்ததும் பின்புறம் கீழே இறங்கிப் படகு கட்டையின் கோணத்துக்குப் பொருந்தும்போது, அணியம் சற்றுப் பின்வாங்கும். சரிவு செங்குத்தாக இருந்தால் இந்த இடைவெளி கூடும். மேலே சமதளத்துக்கு வந்த பிறகு இரண்டு மூன்று பல் இறுக்கிக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், அடுத்த முறை டிரெய்லரை ஒரு முழம் குறைவாக இறக்கிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படகின் எடை பட்டையில் இருக்கும்போது, வின்ச்சின் பல்சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும் அந்தச் சிறிய இரும்பு நாக்கை ஒருபோதும் விலக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், படகைப் பாதி தூரம் வெளியே இழுத்துவிட்ட நிலையில், பட்டை முறுக்கிக்கொண்டதைச் சரிசெய்யச் ‘சற்றுத் தளர்த்துங்கள்’ என்று என் நண்பரிடம் சொன்னவன் நான். அவர் நாக்கை விலக்கினார். படகு பின்னோக்கிச் சரிந்தது, கைப்பிடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது, அவருடைய முன்கை எலும்புகள் இரண்டும் முறிந்தன. மூன்று மாதம் அவர் வேலைக்குச் செல்லவில்லை. ஆகையால், தளர்த்த வேண்டுமென்றால் டிரெய்லரை மீண்டும் நீருக்குள் இறக்கிப் படகை மிதக்கவிட்ட பின்பே தளர்த்த வேண்டும். சுழலும் கைப்பிடியைக் கையால் பிடிக்க முயலவே கூடாது. கையை எடுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும்.

இறுக்கும்போதும் பட்டையின் நேர்க்கோட்டில் முகத்தை வைத்துக் குனியாமல், வின்ச் கம்பத்தின் பக்கவாட்டில் நின்று சுழற்றுங்கள். பட்டையின் ஓரம் பிசிறிட்டிருந்தால் அதே வாரம் மாற்றிவிடுங்கள். அணியம் உருளையைத் தொட்டதும், கார் நகர்வதற்கு முன்பே, பாதுகாப்புச் சங்கிலியை அணியத்து வளையத்தில் மாட்டிவிட வேண்டும். இறக்கும்போதும் இதே ஒழுங்குதான்: படகின் பின்புறம் மிதக்கத் தொடங்கும்வரை சங்கிலியையும் பட்டையையும் கழற்றக் கூடாது. சரிவின் உச்சியிலேயே கழற்றிவிட்டு, உருளை டிரெய்லரைப் பின்னால் கொண்டுவந்து, படகைச் சிமெண்டின் மேல் உருட்டிவிட்டவர்களைக் கோடைதோறும் காண்கிறேன்.

கேள்வி: பலர் வின்ச்சைத் தொடுவதே இல்லை, எஞ்சினை முடுக்கிப் படகை நேரே டிரெய்லரின் மேல் ஓட்டி ஏற்றிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. நானும் பழகலாமா?
— வாசகர், டான்டெனாங்

பதில்: இங்கே அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் பலர் அவ்வாறுதான் ஏற்றுகிறார்கள், அதற்கென்றே வடிவமைத்த டிரெய்லர்களும், அணியம் வந்து முட்டியதும் தானே கவ்விக்கொள்ளும் கொக்கிகளும் கிடைக்கின்றன. எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, படகு கட்டையைத் தொடும்வரை நடத்திவருவதில் தவறில்லை. தொட்ட பிறகும் முழு வேகத்தில் முடுக்கிப் படகை மேலே தள்ளுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

காரணம் நீருக்கடியில் இருக்கிறது. சிமெண்டுச் சரிவு ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் சரளையும் மணலும். முடுக்கிய எஞ்சினின் விசிறி பீய்ச்சும் நீர் அந்த விளிம்பை ஒட்டியே பாய்ந்து, மண்ணை அரித்துக் குழியாக்கி, அரித்த மண்ணைச் சற்றுத் தள்ளி மேடாகக் குவிக்கிறது. பிறகு நீர் வற்றிய நேரத்தில் வருபவரின் டிரெய்லர் சக்கரம் விளிம்பைத் தாண்டி அந்தக் குழியில் விழும், அச்சு சிமெண்டில் மாட்டிக்கொள்ளும். இன்னொருவரின் விசிறி அந்த மேட்டில் மோதும். அமெரிக்காவின் ஏரிக்கரைகள் பலவற்றில் இப்படி ஏற்றக் கூடாது என்று அறிவிப்புப் பலகையே வைத்திருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எஞ்சின் ஓடும்போது டிரெய்லர் அருகே நீரில் யாரும் நிற்கக் கூடாது. இழுபட்டால் எஞ்சினை நிறுத்திவிடும் அணைப்புக் கயிற்றை ஓட்டுநர் தம் உடலில் மாட்டியிருக்க வேண்டும். படகு பிடிபட்டதும் எஞ்சினை அணைத்து, உயர்த்தி, அதன் பிறகே காருக்குச் சைகை காட்ட வேண்டும். உயர்த்த மறந்து, விசிறியின் கீழ்முனையைச் சரிவின் முழு நீளத்துக்கும் உரசிக்கொண்டு வந்த எஞ்சின்களைப் பழுதுபார்ப்புக் கடைகளில் நிறையவே காணலாம்.

கேள்வி: எங்கள் கார் முன்சக்கர இழுவை உடையது. ஹேஸ்டிங்ஸ் துறையில் படகுடன் ஏறும்போது சக்கரம் அதே இடத்தில் சுழன்றது, கார் ஓரடி பின்னால் வழுக்கியது. குழந்தைகள் காரில் இருந்தார்கள். மிகவும் அஞ்சிவிட்டோம்.
— வாசகர், கிரான்போர்ன்

பதில்: அஞ்ச வேண்டிய நிகழ்வுதான், கடவுள் அருளால் ஓரடியோடு நின்றது. இனி எக்காரணம் கொண்டும் சரிவில் ஓட்டுநரைத் தவிர வேறு எவரும் காருக்குள் இருக்க வேண்டாம். ஓட்டுநரும் கண்ணாடிகளை இறக்கி, இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு இருப்பது நல்லது.

முன்சக்கர இழுவைக் கார் ஏன் திணறுகிறது என்றால், மேல்நோக்கி நிற்கும் காரின் எடை பின்சக்கரங்களுக்குச் சென்றுவிடுகிறது. டிரெய்லரின் முன்முனையும், காரின் பின்னால் அதை மாட்டும் இழுவைக் குண்டின் மேல் அழுத்துகிறது. ஆக, இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. பின்சக்கர இழுவைக் காருக்கோ எடை சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் சக்கரங்கள் பாசி படிந்த ஈரச் சிமெண்டில் நிற்கின்றன. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியைத் துறைகளில் மிகுதியாகக் காண்பது பகட்டுக்காக அன்று.

கார் மாற்ற முடியாதவர்கள் நேரத்தை மாற்றலாம். ஹேஸ்டிங்ஸ் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் இருக்கிறது. அங்கே கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 3 மீட்டர் வரை நீர்மட்டம் மாறும். மெல்பர்னை ஒட்டிய போர்ட் ஃபிலிப் விரிகுடாவில் ஒரு மீட்டர்கூட மாறாது என்பதால், அங்கே பழகியவர்கள் இதை எண்ணிப்பார்ப்பதில்லை. 1:8 சரிவில் நீர் 3 மீட்டர் இறங்கினால், நீரின் விளிம்பு 24 மீட்டர் கீழே போய்விடும். அந்த 24 மீட்டரும் சற்றுமுன்வரை கடலுக்குள் இருந்த, பச்சைப் பாசி படர்ந்த பகுதி. நீங்கள் வழுக்கியது வற்றத்தின்போது என்பதில் எனக்கு ஐயமில்லை. கடல் ஏறியிருக்கும் நேரத்துக்குத் திரும்புமாறு பயணத்தை அமைத்துக்கொண்டால், காரின் நான்கு சக்கரங்களும் மேலுள்ள உலர்ந்த சிமெண்டில் நிற்கும்; அதே கார் அதே படகை எளிதாக இழுக்கும்.

ஏறும்போது முதல் கியரில், மிக மெல்ல, நிறுத்தாமல் செல்லுங்கள். சக்கரம் சுழலத் தொடங்கினால் மேலும் முடுக்காதீர்கள். சுழலும் சக்கரம் பாசியை மெழுகாக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, உதவி கேளுங்கள். துறையில் இருப்பவர்கள் கேட்டால் மறுக்காமல் வந்து கயிறு மாட்டி இழுத்துத் தருவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

காரை நிறுத்திவிட்டு இறங்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே கைப்பிரேக்கை இறுக்க வேண்டும். பிறகு காலை மெல்ல எடுத்து, காரின் பாரத்தைக் கைப்பிரேக்கில் இறக்க வேண்டும். அது தாங்குகிறது என்று தெரிந்த பின்பே, மறுபடி காலை வைத்து, தானியங்கிக் காராயின் ‘பார்க்’ நிலையிலும், கியர்க் காராயின் முதல் கியரிலும் விட வேண்டும். பின்சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு கட்டையை முட்டுக்கொடுங்கள். அந்தக் கட்டையில் கயிறு கட்டி டிரெய்லரில் முடிந்துவைத்தால், கார் ஏறும்போது அதுவும் தானே கூட வந்துவிடும். சரிவில் கிடந்து அடுத்தவர் சக்கரத்தில் சிக்காது.

கேள்வி: டிரெய்லரின் சக்கர பேரிங் இரண்டே ஆண்டுகளில் துருப்பிடித்து இறுகிவிட்டது. கடல்நீர் என்றால் இப்படித்தானா?
— வாசகர், கிளேட்டன்

பதில்: கடல்நீர் மட்டும் காரணம் அன்று, சூடான சக்கரக்குடத்தைக் குளிர்ந்த நீருக்குள் இறக்குவதே பெருங்காரணம். ஒரு மணி நேரம் ஓடிவந்த சக்கரக்குடத்தின் உள்ளே காற்று சூடேறி விரிந்திருக்கும். நீருக்குள் இறங்கியதும் அது சட்டெனக் குளிர்ந்து சுருங்க, அந்த வெற்றிடத்தை நிரப்ப, ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியே உப்புநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. துறைக்கு வந்ததும் கயிறு, தூண்டில், உயிர்காப்பு அங்கி முதலியவற்றை ஒழுங்குசெய்யும் வேலையை முதலில் முடியுங்கள். அதற்குள் சக்கரக்குடம் ஆறிவிடும். புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு தெரியாதபோது இறக்குங்கள். வழியில் நிற்கும்போதும் இப்படித் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால், அந்த பேரிங் கெடத் தொடங்கிவிட்டது.

கடல் கிரீஸ் என்றே விற்கப்படும் கிரீஸைப் பயன்படுத்துங்கள். உள்ளே கிரீஸை வில்லழுத்தத்தில் வைத்திருக்கும் மூடிகளையும் பொருத்தலாம். டிரெய்லர் விளக்கின் இணைப்பை இறக்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். மேலே வந்ததும் மாட்ட மறவாதீர்கள்.

கேள்வி: படகை ஏற்றி, சரிவிலேயே நிறுத்தி, பின்பட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றவர் கடுமையாகப் பேசிவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் செய்தது குற்றமா?
— வாசகர், நோபிள் பார்க்

பதில்: அவர் கடுமையாகப் பேசியது தவறு, ஆனால் அவருடைய வருத்தம் நியாயமானது. 2019 முதல் விக்டோரியாவின் பொதுப் படகுத்துறைகளில் இறக்குவதற்கும் வண்டி நிறுத்துவதற்கும் கட்டணம் இல்லை. ஸ்னாப்பர் என்னும் மீன் விரிகுடாவுக்குள் வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வாரஇறுதிகளில், பேட்டர்சன் ஆற்றுத்துறை போன்ற பெரிய துறையிலேயே வண்டிகள் நெடுந்தூரம் நிற்கின்றன. ஒரு தடத்தில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடம் பின்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். வின்ச் பட்டையும் பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டியாகிவிட்டதென்றால், சரிவை விட்டு உடனே மேலேறிவிடுங்கள். பின்பட்டை கட்டுவது, விளக்குப் பலகை பொருத்துவது, மீன்பெட்டியை இறக்குவது எல்லாவற்றுக்கும் மேலே தனியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மேலே நின்றதும் செய்ய வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். படகின் பின்புற அடியில் உள்ள வடிதுளையின் தக்கையைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரை வடியவிடுங்கள். கழற்றிய தக்கையைக் கார்ச் சாவியுடன் வையுங்கள். அடுத்த முறை அது இல்லாமல் கடலில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து, டிரெய்லர் சட்டத்திலும் உருளைகளிலும் நங்கூரத்திலும் சிக்கியிருக்கும் கடற்பாசியை அங்கேயே அகற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஜப்பானியக் கடற்பகுதியைச் சேர்ந்த வட பசிபிக் நட்சத்திரமீன் 1995இல் போர்ட் ஃபிலிப் விரிகுடாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று அங்கே பெருகி, சிப்பிகளைத் தின்று அழிக்கிறது. வாக்காமே என்னும் ஜப்பானியப் பாசியும் அப்படி வந்து வேரூன்றியதே. இங்கிருந்து ஒரு படகை நாளையே வேறொரு விரிகுடாவில் இறக்கினால், ஈரமான டிரெய்லரே அவற்றுக்கு வாகனமாகிவிடக்கூடும். நன்னீரால் கழுவி, முழுவதும் உலரவிட்ட பிறகே வேறு கடலுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து என் தந்தை வந்திருக்கிறார். வயது 71. வாழ்நாள் முழுவதும் கடலில் தொழில் செய்தவர். படகு ஏற்றும்போது இடுப்பளவு நீரில் இறங்கி, பின்புறத்தைப் பிடித்துத் தள்ளுகிறார். வேண்டாம் என்றால் மனம் வருந்துகிறார். என்ன சொல்வது?
— வாசகர், ஆல்டோனா

பதில்: உங்கள் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நம் கரைகளில் ஃபைபர் படகை மணலில் ஏற்றும்போது இருபுறமும் பத்துப்பேர் தோள் கொடுத்து, ஐலசா சொல்லி, ஒவ்வோர் அலைக்கும் ஓரடியாக நகர்த்துவார்கள். படகு சரிந்தாலும் அடியில் இருப்பது மணல். பாரம் அத்தனை தோள்களிலும் பகிர்ந்திருக்கும். இங்கே நிலைமை வேறு என்பதை அவருக்கு மரியாதையுடன் விளக்குங்கள்: அடியில் பாசி படிந்த சிமெண்டு, முன்னே ஒரே ஒரு பட்டை. அது அறுந்தாலும் கார் வழுக்கினாலும், டன் எடைக்கு மேலுள்ள படகும் டிரெய்லரும் சேர்ந்து, பின்னால் நிற்பவரின் மேல்தான் வரும். பின்புறத்தில் யாரும் நிற்கக் கூடாது என்பதற்கு வயதும் அனுபவமும் விலக்கல்ல. முப்பது வயது இளைஞரானாலும் அங்கே நிற்கக் கூடாது.

ஆனால் அவருக்கு வேலை இல்லை என்று கரையில் உட்காரவைத்துவிடாதீர்கள். ஆல்டோனாவில் சரிவை ஒட்டி ஜெட்டி இருக்கிறது. அணியத்தில் ஒரு கயிறும் பின்புறத்தில் ஒரு கயிறும் கட்டி, பின்கயிற்றை அவர் கையில் கொடுத்து ஜெட்டியின் மேல் நிற்கச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்னேனே, அணியம் பிடிபட்ட பிறகும் பின்புறம் காற்றில் ஒதுங்கிக்கொண்டே இருக்கும் என்று. அதை நேராக வைத்திருப்பது அந்தக் கயிறுதான். காற்று எப்போது தளரும், அலை எந்தக் கணத்தில் படகைத் தூக்கி விடும் என்பது ஐம்பது ஆண்டு கடலில் இருந்தவருக்குத் தெரிவதுபோல் உங்களுக்கோ எனக்கோ தெரியாது. காரை நகர்த்தும் சைகையையும் அவரே கொடுக்கட்டும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாமல் ஜெட்டியின் கட்டையில் ஒரு சுற்று போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். அதை நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர் செய்திருப்பார்.